பஞ்சமி வழி

எங்கள் வீட்டு மதில் எட்டடி உயரம். அதை அளந்து போக நகரசபையிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தபோது நான் வாசற் கேற்றைத் திறக்கவில்லை. மதிலின் முகம் வீதிக்குத்தானே இருக்கிறது, வீதியில் நின்றே அளக்கலாம் என்று மகளிடம் சொல்லியனுப்பினேன். அந்தப் பிள்ளையும் முகம் சுளிக்காமல் வெயிலில் நின்று அளந்துகொண்டு போனாள்.

அவளுடைய பெயர் உதயகலா. நகரசபையில் திட்டமிடல் வேலை அவளுடையது. எங்கள் கடற்றுறை ஊருக்கென்று ஒரு வழிகாட்டியை எழுதிக்கொண்டிருந்தாள். கடைகளின் முகப்பு எவ்வளவு தூரம் வெளியே நீளலாம், நிழல்மரம் எங்கே நிற்க வேண்டும், ஒழுங்கைச் சந்துகளின் அகலம் என்ன, மதில் எவ்வளவு உயரலாம் என்பதையெல்லாம் ஊரவரைக் கேட்டு எழுதி, இனிமேல் கட்டட அனுமதியை அதன்படியே கொடுப்பது என்று சபை தீர்மானித்திருந்தது. நல்ல நோக்கம். நான் கப்பலில் கடைநிலை ஆளாக ஏறிக் கப்டனாக இறங்கியவன். ஒழுங்காகக் கட்டிய ஊர் எது, மனம்போன போக்கில் கட்டிய ஊர் எது என்று கரையை அணுகும்போதே எனக்குத் தெரியும். கடைக்காரர்கள் வீதியை விழுங்குவதைப் பற்றி அவள் எழுதியிருந்ததை மனதார ஆதரித்தேன். மதிலைப் பற்றி எழுதியதுதான் எனக்குப் பொருந்தவில்லை.

மதிலின் கட்டு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது, அதற்கு மேல் வேண்டுமானால் கம்பி வைக்கலாம் என்றது வழிகாட்டி. உடுப்பிட்டிப் பக்கத்து வயல்வெளியிலிருந்து கடலுக்கு இறங்கும் மாரித் தண்ணீர் மறிபடாமல் இருக்க, மதிலின் அடியில் தாழ்ந்த பக்கத்தில் வழி விட வேண்டும் என்றும் சொன்னது. புதிய மதில்களுக்கு மட்டுமல்ல, பழைய மதில்களிலும் வழி வெட்ட வேண்டும்.

அந்த மதிலை நான் கட்டியதற்குக் காரணம் உண்டு. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் வேலி இருக்கவில்லை. யார் யாரோ முற்றத்தால் குறுக்கே நடந்தார்கள். கிணற்றடியில் முன்பின் தெரியாதவர்கள் உடுப்புத் தோய்த்தார்கள். ஒரு காலத்தில் பாய்க்கப்பல் வைத்திருந்த எங்கள் முன்னோரின் வீடு போக்குவரத்துப் பாதையாகிக் கிடந்தது. அன்றைக்குத் தீர்மானித்தேன், இனி எங்கள் வீட்டுப் பெண்களை எவரும் வீதியில் நின்று பார்க்கக்கூடாது என்று. மற்றவர்களைப் போலப் பிள்ளைகளின் வெளிநாட்டுக் காசில் அல்ல, என் கப்பற் சம்பளத்தில் கட்டினேன்.

ஆவணியில் நகரசபை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். உதயகலா தன்னுடைய படங்களைக் காட்டி முடித்ததும் நான் எழுந்தேன்.

"பிள்ளை, எங்கடை ஊரிலை மதிலை எப்ப வெட்டுறது எண்டு உமக்குத் தெரியுமோ?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பஞ்சமிக்கு, ஐயா."

எங்கள் ஊர் வழக்கம் அது. பஞ்சமி தோஷமுள்ள நாளில் ஒருவர் இறந்தால் பிரேதத்தை வாசற் படலையால் கொண்டுபோவதில்லை. வேலியென்றால் பிரித்து, மதிலென்றால் வெட்டி, புதிய வழி திறந்து அதனால் கொண்டுபோவார்கள். போன கையோடு அடைத்துவிடுவார்கள். போன உயிர் பழைய வழியைத் தேடித் திரும்பி வரக்கூடாது என்பதற்காக.

"அப்ப உயிரோடை ஆக்கள் இருக்கிற வீட்டு மதிலை என்னத்துக்கு வெட்டச் சொல்லுறீர்?"

மண்டபம் சிரித்தது. சிலர் கை தட்டினார்கள். கோயில் தர்மகர்த்தா சபையில் என்னோடு இருக்கும் ஆழ்வாப்பிள்ளை எல்லோரிலும் பலமாகத் தட்டினார். உதயகலா குரலை உயர்த்தாமல், அது ஆள் போகிற வழி, தான் கேட்பது தண்ணீர் போகிற வழி என்றாள். எவரும் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குச் சாவுக் குறி சொல்லும் சட்டம் வேண்டாம் என்று ஆளுக்காள் எழும்பிச் சொன்னார்கள். முடிவில் அந்த விதி புதிய மதில்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. பழைய மதில்களை அடுத்த கூட்டத்தில் பார்ப்பது என்று ஒத்திவைத்தார்கள். நான் நிமிர்ந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

ஐப்பசியில் என் மனைவி தங்கமுத்து குளியலறையில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். கால் ஊன்றக்கூடாது, தூக்குவதென்றால் கால் அசையாமல் நாலு பேர் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முன் அறையில், வீதிப் பக்க யன்னலோரம் கட்டில் போட்டுக் கிடத்தினோம். மருமகன் கட்டாரில் வேலை. மகள் கேதீஸ்வரி எங்களோடு இருக்கிறாள். அவளும் நானும்தான் வீட்டில்.

கார்த்திகையில் மழை தொடங்கி விடவேயில்லை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், புயலாக மாறுகிறது என்று வானொலி சொன்னது. புயல் எங்கள் கரையை உரசிக்கொண்டு போன மறுநாள் விடியற்காலை, நான் கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். கணுக்கால் வரைக்கும் தண்ணீர் இருந்தது.

நான் முதலில் நினைத்தது கூரை ஒழுகுகிறது என்று. பிறகுதான் தண்ணீர் நகர்வதைக் கண்டேன். பின்கதவின் கீழால் வந்து, நடுக்கூடத்தைக் கடந்து, முன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னுடைய செருப்புகள் எனக்கு முன்னே மிதந்து போயின.

விறாந்தைக் கதவைத் திறந்தேன். முற்றம் இல்லை. மதில் வரைக்கும் ஒரே மண்ணிறத் தண்ணீர். பூச்சட்டிகள் இருந்த இடம் தெரியவில்லை. கிணற்றுக் கட்டு மறைந்துவிட்டது. அந்தக் கிணறு எங்கே திறந்து கிடக்கிறது என்று வெளியே பார்த்து எவராலும் சொல்ல முடியாது. கேதீஸ்வரி படியில் காலை வைக்கப் போனாள். அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். என்னிடம் அப்படி ஒரு பலம் இருந்தது எனக்கே தெரியாது.

எங்கள் வீடு பழைய வீடு. கட்டியபோது வீதியை விட உயரத்தில் இருந்தது. வீதிக்கு ஒவ்வொரு முறையும் தார்க் காப்பெற் போடப் போட வீதி உயர்ந்து வீடு தாழ்ந்தது. வீதித் தண்ணீர் உள்ளே வராதிருக்க, கேற்றின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சீமெந்துக் கட்டு நான்தான் போடுவித்தேன். கேற்றும் இரும்புத் தகடு, உள்ளே இழுத்துத் திறப்பது. இப்போது உள்ளே நின்ற தண்ணீர் அதைக் கட்டோடு அமத்திப் பிடித்திருந்தது. பிடித்துப் பிடித்து நடந்து போய், கம்பியைப் பற்றி முழுப் பலத்தோடு இழுத்தேன். அசையவில்லை. பின்பக்கம் வெறும் கம்பிவேலி. அதற்கப்பால் இராசநாயகத்தின் வளவு, அதற்கப்பால் வயல். அங்கிருந்துதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வருவதற்கு வழி இருந்தது, போவதற்கு இல்லை.

மதிலுக்கு வெளியே ஆட்களின் குரல் கேட்டது. வீதி உயரமென்பதால் அங்கே முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். வெள்ளத்துக்குத் தப்பிப் பள்ளிக்கூடத்தில் தங்கப் போகிறவர்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு. ஒருத்தி கோழிக்கூட்டை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவர்களுடைய பேச்சு ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. நான் கத்தினேன். கேதீஸ்வரியும் கத்தினாள். மழையும் மதிலும் எங்கள் குரலைத் திருப்பி எங்களிடமே தந்தன. தொலைபேசி வேலை செய்யவில்லை. வீதியால் போகிறவர்கள் எங்கள் வீட்டை நிமிர்ந்து பார்த்திருந்தாலும் கண்டிருக்கப் போவது எட்டடிச் சீமெந்தைத்தான்.

கடலில் எனக்குப் பயம் வந்ததுண்டு. ஆனால் அங்கே பயத்தோடு செய்ய வேலை இருக்கும். திசை திருப்ப வேண்டும், ஆட்களுக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். இங்கே நான் மனைவியின் கட்டிலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினேன். பிறகு கல்லும் முடிந்துவிட்டது. கட்டிலின் கால்களில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கமுத்து என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் நிண்டுகொண்டு நடுங்குறியள்? சட்டையை மாத்துங்கோ" என்றாள்.

குளிர் என்று சொன்னேன்.

அப்போது பின்பக்கமிருந்து இராசநாயகம் வந்தான். என் ஒன்றுவிட்ட தம்பி முறை. குடும்பத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வாழைக்குற்றி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மார்பளவுத் தண்ணீரில் எங்களைத் தேடி வந்திருந்தான். பின்னால் போக இயலாது, தனி ஆளே தப்பி வந்தது பெரிய காரியம், கட்டிலோடு ஒருவரைக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம் என்றான். முன்பக்கத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணை, மதிலை வெட்டுவம்."

நான் கூடாது என்றேன்.

அவன் என்னைப் பிடிவாதக்காரன் என்று நினைத்திருப்பான். ஊரும் அப்படித்தான் நினைக்கும். அது பிடிவாதம் அல்ல. என் மூத்த சகோதரி பஞ்சமியில் போனவர். அவரைக் கொண்டுபோகும்போது வேலி பிரித்த கத்திச் சத்தம் எனக்குள் இன்னும் இருக்கிறது. பாடை தாண்டியதும் பின்னால் கதியால் தடிகளை ஊன்றி, வரிச்சுப் பிடித்து வேலியை அடைத்துக் கட்டினார்கள். அன்றைக்கு அந்த அடைப்பின் முன் நான் நின்றேன். இனி அக்கா வரமாட்டா என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். இப்போது தங்கமுத்து உயிரோடு கிடக்கிறாள். நான் என் கையால் மதிலை வெட்டுவதா? வெட்டினால் அந்த வழியால் யார் போவார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

மழை விட்டுத் தண்ணீர் தானாக இறங்கும்வரை பொறுக்கலாம் என்றேன். அதற்குள் தங்கமுத்து அக்காவின் மெத்தை மூழ்கிவிடும் என்றான் இராசநாயகம். அவன் சொல்லும்போதே மதிலில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமல்ல. காய்ந்த தடியை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல. திரும்பிப் பார்த்தோம். மதிலின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. வெடிப்பின் இரண்டு பக்கமும் மதில் வெளியே வயிறு தள்ளி நின்றது.

வீதியில் பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே என் மனைவி, வெளியே யாருடையவோ பிள்ளைகள், இரண்டுக்கும் நடுவில் நான் கட்டிய மதில். இராசநாயகம் இரண்டு கையையும் வாயில் குவித்து, மதிலுக்குக் கிட்ட வரவேண்டாம் என்று கத்தினான். அவனுக்குக் கடற்கரைக் குரல். அது மதிலைத் தாண்டியது.

வெளியே ஓட்டம் நின்றது. பிறகு ஒரு பெண்குரல், பக்கத்தில் வந்து:

"ஐயா, நான் உதயகலா. உள்ளுக்கு எத்தினை பேர் இருக்கிறியள்?"

இராசநாயகம் சொன்னான். அவள் யாரையோ அதட்டினாள். ஆட்கள் வீதியின் மறுபக்கத்துக்கு விலகுவது கேட்டது. திரும்பி வந்து, எனக்குக் கேட்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மதில் தானாக விழுந்தால் ஒரேயடியாக விழும். தண்ணீர் ஒரேயடியாக இழுக்கும். முன் அறையின் சுவர் சுண்ணாம்புக் கட்டு, அது தாங்குமென்று நினைக்கவில்லை. மேற்கு மூலையில் பழைய வெள்ளவாய்க்கால் இருக்கிறது. அந்த மூலையில் அடியில் மட்டும் உள்ளேயிருந்து மெல்ல வெட்டினால் தண்ணீர் மெல்லப் போகும்.

"ஐயா, கேக்குதோ?"

எனக்குக் கேட்டது. மூலையைச் சொல்லிவிட்டாள், ஆனால் இதை ஆவணியிலேயே செய்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. அதையும் கவனித்தேன்.

முன் அறைக்குள் போனேன். மெத்தையின் ஒரு மூலை நனைந்து கறுத்திருந்தது. தங்கமுத்து கையை இறக்கித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். யன்னலால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என்னப்பா, மதிலுக்கோ அழுறியள்?"

மதிலுக்கு இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு விளங்கிவிட்டது.

"செத்த ஆக்களுக்குத்தானே பஞ்சமி. எனக்குக் கால்தான் முறிஞ்சது" என்றாள். "இதுக்கை மூழ்கிச் செத்தால் எப்பிடியும் வெட்டத்தான் போறியள். அதை இப்ப வெட்டுங்கோவன், நானும் பாக்கிறன்."

கேதீஸ்வரி அழத் தொடங்கினாள். தங்கமுத்து அவளைப் பார்த்து, அழுகிற நேரத்துக்கு அலவாங்கை எடுத்துக் கொடு என்றாள்.

நான் அந்த நீள இரும்பு அலவாங்கை எடுத்தேன். என்னுடைய இடுப்பிலும் இராசநாயகத்தின் இடுப்பிலும் கயிறு கட்டி, மறுமுனையை விறாந்தைத் தூணில் கட்டினேன். அது கப்பலில் பழகிய முடிச்சு. சுவரோடு சுவராக, கிணற்றுப் பக்கத்தை விட்டு விலகி, மேற்கு மூலைக்குப் போனோம். முதல் குத்து நான்தான் குத்த வேண்டும் என்றேன். வீட்டுக்காரன் வெட்டாத மதிலை வேறொருவன் வெட்டினால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். தண்ணீருக்குள் குத்தும்போது சத்தம் வரவில்லை. கையில் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு குத்துக்கும் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். வாயால் கூப்பிட்டேனோ மனதால் கூப்பிட்டேனோ தெரியாது.

ஒரு கல் இளகியது. அலவாங்கு கையைவிட்டு இழுபட்டுப் போனது. தண்ணீர் என் கால்களைப் பிடித்து மூலைப் பக்கம் இழுத்தது. கயிறு இடுப்பை அறுத்தது. இராசநாயகம் என் சட்டையைப் பற்றிப் பின்னால் இழுத்தான். மூலையில் சுழி விழுந்தது. பிறகு அதற்கு மேலிருந்த மதில், ஒரு கதவு அகலத்துக்கு, வெளியே சாய்ந்து வாய்க்காலில் விழுந்தது. மற்றது நின்றது. அந்தப் பக்கத்தில் எவரும் இருக்கவில்லை. உதயகலா முன்னமே எல்லோரையும் விலக்கியிருந்தாள்.

வெட்டிய வழியால் நான் என் வீதியைப் பார்த்தேன். வீதியும் என்னைப் பார்த்தது. மறுபக்கத்தில் ஊர் நின்றது.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் நகரசபைத் தொழிலாளர் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கிணற்றடியில் தடியை ஊன்றி அடையாளம் வைத்தார்கள். கேற் இன்னும் திறக்கவில்லை. வயலில் தண்ணீர் இன்னும் ஏறுகிறது, காத்திருக்க நேரமில்லை என்றார்கள். தங்கமுத்துவைக் கயிற்றுக்கட்டிலுக்கு மாற்றி, மேலே தறப்பாளைப் போர்த்து, அவர்கள் இருவரும் இராசநாயகமும் வெளியிலிருந்து வந்த ஒரு பெடியனும் தோளில் தூக்கினார்கள். நான் தூக்கப் போனேன். வேண்டாம் ஐயா, நீங்கள் பின்னால் வாங்கோ என்றார்கள்.

பின்னால் போனேன். நாலு தோளில் என் மனைவி, மேலே போர்வை, முன்னால் வெட்டிய மதில். நான் பயந்தது எதுவோ அது அப்படியே என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது, ஒன்று குறையாமல். வீதியில் ஆண்கள் சிலர் தலைத்துண்டை எடுத்தார்கள். அவர்களுக்கே தெரியாமல் கை போயிருக்க வேண்டும். ஒரு கிழவி தலையில் கைவைத்து, ஐயோ தங்கமுத்து என்று இழுக்கத் தொடங்கினாள்.

தறப்பாள் அசைந்தது. தங்கமுத்துவின் கை வெளியே வந்தது.

"ஆரடி அது, நான் இருக்கிறன். ஒப்பாரியைப் பத்திரமா வைச்சிரு."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் தப்பியது. ஆனால் ஈரத்தில் கிடந்ததால் நெஞ்சுச்சளி பிடித்துக் காய்ச்சல் ஏறியது. இந்த வயதில் அதைத்தான் கவனிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மகள் அங்கே நின்றாள். நான் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தேன்.

தண்ணீர் வற்றியதும் மேசன் வந்தான். கல்லும் சீமெந்தும் கொண்டே வந்திருந்தான். வெட்டின வழியைத் திறந்து வைத்திருக்கக்கூடாது ஐயா, இன்றைக்கே அடைப்போம் என்றான். வழக்கம் தெரிந்தவன்.

நான் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

எவ்வளவோ யோசித்துத்தான் அனுப்பினேன். அந்த வழியால் போனவள் உயிரோடு போனாள். அடைப்பது திரும்பி வராதிருக்க. தங்கமுத்து திரும்பி வர வேண்டும். அவள் வருமுன் நான் அதில் ஒரு கல்லை வைத்தாலும் அவளுக்கு வழி மறித்தவன் ஆவேன். முதலில் வெட்டப் பயந்த எனக்கு இப்போது அடைக்கப் பயம். கேதீஸ்வரி வந்தபோது நாய் வராமலிருக்கத் தகரம் ஒன்றைச் சாத்திவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் அதை எடுத்து அப்பால் போட்டேன். விறாந்தையில் கதிரையைப் போட்டு அந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டிகள் வந்தன. ஊரவர்கள் எட்டிப் பார்த்து, அக்காவுக்கு எப்படி என்று கேட்டுப் போனார்கள். உள்ளே வந்து கதைத்தவர்களும் உண்டு. நான் ஒருவரையும் கலைத்து அனுப்பவில்லை. நல்ல செய்தி அந்த வழியால் வருமென்றால் எதுவும் வந்து போகட்டும் என்றிருந்தேன்.

அந்த நாட்களில்தான் ஒத்திவைத்த கூட்டம் கூடியது. வெள்ளத்தில் மதில் மறித்த வளவுகளை உதயகலா வரைபடத்தில் சிவப்பாகக் காட்டினாள். எங்கள் வீதி முழுவதும் சிவப்பு. பழைய மதில்களிலும் அடியில் வழி விட வேண்டும், அதைத் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று கேட்டாள். ஆழ்வாப்பிள்ளை எழுந்தார்.

"கப்டன் அண்ணை போனமுறை சொன்னதைத்தான் நானும் சொல்லுறன். உயிரோடை ஆக்கள் இருக்கிற வீட்டு மதிலை வெட்டக்கூடாது. அண்ணை வீட்டிலை வெட்டினவை. இப்ப அக்கா ஆசுப்பத்திரியிலை கிடக்கிறா. உதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?"

அவர் பகையாகச் சொல்லவில்லை. என் பேச்சை நம்பிச் சொன்னார். மண்டபம் முழுவதும் நம்பியது. அந்த ஊரின் அத்தனை மதில்களும் இப்போது தங்கமுத்துவின் மூச்சில் நின்றன. அவள் போய்விட்டால் இங்கே எவரும் இனி ஒரு கல்லைக்கூட எடுக்கமாட்டார்கள். அடுத்த மாரியில் வேறொரு வீட்டுக்குள் வேறொரு கட்டில் நனையும்.

உதயகலா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, ஆழ்வாப்பிள்ளை சொல்வது பிழை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலையில்தான் டொக்டர் மருந்தை மாற்றியிருந்தார். நான் ஏதாவது சொல்லி, சொன்ன கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால்? சபைகளில் நின்று பேசத் தயங்காத குடும்பம் எங்களது. அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்:

"அவ வீட்டை வரட்டும். அதுக்குப் பிறகு முடிவெடுங்கோ."

ஒருவரும் மறுக்கவில்லை. திரும்பவும் ஒத்திவைத்தார்கள்.

மார்கழிப் பனி விழத் தொடங்கிய பிறகு காய்ச்சல் விட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். வான் எங்கள் வீதிக்குத் திரும்பியபோது மறுபக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். யாரும் தற்செயலாக நிற்பதாகக் காட்டிக்கொள்ளக்கூட இல்லை. பார்க்கத்தான் நின்றார்கள். உதயகலாவும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றாள். கேதீஸ்வரி ஓடிப்போய்க் கேற்றை அகலத் திறந்து வைத்தாள்.

தங்கமுத்துவைச் சக்கர நாற்காலியில் இறக்கினோம். நன்றாக மெலிந்துபோயிருந்தாள். அவள் கேற்றைப் பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள்.

"உதை இன்னும் அடைக்கேல்லையோ?"

"நீர் வராமல் எப்பிடி அடைக்கிறது?"

அவள் நாற்காலியின் சக்கரத்தைத் தானே மூலைப் பக்கம் திருப்பினாள். நான் தள்ளினேன். கேற்றால் போகலாமே அப்பா என்று கேதீஸ்வரி சொன்னாள். நான் நிற்கவில்லை. என் கண் அந்த வழியிலேயே இருந்தது. அதற்கும் எங்களுக்கும் இடையில் கொஞ்சத் தூரம்தான், ஆனால் கப்பலைக் கரைக்குக் கொண்டுவரும்போதும் நான் அப்படிப் பயந்ததில்லை. விழுந்த கல்லில் சக்கரம் தட்டி நின்றது. இராசநாயகம் ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கத்துக்கு ஆள் தேவைப்பட்டது. எதிர்ப்பக்கத்து ஆட்களிலிருந்து ஆழ்வாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குனிந்து பிடித்தார். மூவருமாகத் தூக்கி, உடைந்த மதிலுக்கு உள்ளே முற்றத்து மண்ணில் இறக்கினோம்.

ஆழ்வாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து, தான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எங்கள் முற்றத்தை அவர் உள்ளேயிருந்து பார்த்தது குறைவு. வீதியிலிருந்த உதயகலாவிடம், கூட்டம் எப்ப பிள்ளை, அறிவியும் என்றார்.

தங்கமுத்து என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"தோளை விடுங்கோப்பா, நோகுது."

நாற்காலியைப் பிடித்திருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். பிடித்திருந்தது அவளுடைய தோளை. வெட்டிய வழியால் ஊர் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டேன்.